இடது பின்பக்கத்து ரப்பர்

பரஞ்சோதியின் பிக்கப் வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நாலு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டிய பிறகு ஒருநாள் செத்துப்போனது. வண்டி சாகவில்லை. செமிலிங் ஊரைச் சுற்றி மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று செம்பனை வைத்திருப்பவர்களின் எண்ணெய்ப் பழக்குலைகளை ஏற்றி, மெர்போக் சாலையோரம் எடை போட்டு வாங்கும் இடத்தில் கொட்டுவது அவன் பிழைப்பு. ஒரு டன் ஏறும். சில நாள் ஒன்றரையும் ஏறும். அதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டு வைத்திருந்தான். குலை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் போடுவதுதான்.

வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த வண்டி குலை ஏற்றாது. அன்றைக்குக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பின்பக்கத்தில் பலகை மேடை அடித்து, நாலு மூலையிலும் வாழைக்கன்று நிறுத்தி, மாரியம்மனை உட்கார வைப்பார்கள். தோட்டத்துக் கோயிலின் மரரதத்தைக் கரையான் தின்று பத்து வருடமாகிறது. அதிலிருந்து ஆத்தாளுக்கு வாகனம் பரஞ்சோதியின் பிக்கப்தான்.

திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தவனுக்கு முன் வலது சக்கரத்தில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த வண்டியின் முனகல், இருமல், பல் நறநறப்பு எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இது புதுசு. வீட்டுக்கு வந்து ஜேக் வைத்துத் தூக்கி, கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தான். கீழே சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு, போல் ஜாயிண்ட், ஒரு விரல் கனத்துக்கு ஆடியது. அடுத்த பெரிய குழியில் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி சுமை தாளாத மாடு மாதிரி முட்டி போட்டுவிடும். ரதத்துக்கு முன்னும் பின்னும் இருநூறு பேர் நடப்பார்கள். மாற்றியாக வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது பின்பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை சுங்கை பட்டாணி டவுனுக்கு நண்பனின் மோட்டார் சைக்கிளில் போய், அப்துல் சமதுவின் உதிரிப்பாகக் கடையில் நின்றான். சமது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டியலைப் படித்தார்.

"போல் ஜாயிண்ட் மேல ரெண்டு, கீழ ரெண்டு. லோவர் ஆம் புஷ். அப்சோர்பர் நாலு. ஏன்பா, இவ்வளவு நாளா வண்டிய நீ ஓட்டுனியா, இல்ல அது ஒன்ன ஓட்டுச்சா?"

"ஓடுச்சு பாய்."

"பின்னால ஸ்பிரிங் புஷ் எழுதலையே. நல்லா இருக்கா?"

பரஞ்சோதி கண்ணாடி மேசைக்குள் அடுக்கியிருந்த ரப்பர் வளையங்களைப் பார்த்தான். பழுதில்லாமல், கறுப்பாக, மாவு பூசினதுபோல் இருந்தன.

"அதையும் குடுங்க."

"ரப்பர் தோட்டத்துல பொறந்தவன் ரப்பர் வாங்க இப்படி யோசிக்கிறான்லா" என்று சமது சிரித்துக்கொண்டே தனிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தோட்டத்தில் பழம் வைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. மனசில் கேள்வி இருக்கிறவர்கள், ரதம் வரும்போது அம்மன் காலடியில் இருக்கும் பித்தளைத் தட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீட்டைத் தாண்டினால் வாய்க்கால்மேல் ஒரு குழாய்ப் பாலம். அதை ரதம் கடந்து, பழைய ஆபீஸ் திடலில் திரும்பும் வரைக்கும் பழம் தட்டில் இருந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. உருண்டு விழுந்தால் இல்லை, அடுத்த வருடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மரரதத்தைத் தோளில் இழுத்த காலத்திலும், பிக்கப் வந்த முதல் வருடங்களிலும் பாதிப் பழம் நிற்கும், பாதிப் பழம் விழும். கடைசி மூன்று வருடமாக ஒரு பழமும் நிற்கவில்லை. ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று சனம் பேசிக்கொண்டது. போன வருடம் பழம் வைத்தது ஒரே ஒருத்திதான். கடைசி வீட்டுக்காரி, பரஞ்சோதியின் தங்கை குணசுந்தரி.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பரஞ்சோதிக்குப் பதினாலு வருடம் இளையவள். இருபத்து நாலு வயதில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி, தட்டு மாற்றி, பத்திரிகை அடித்த வாரத்தில் மாப்பிள்ளை மோட்டார் விபத்தில் போய்விட்டான். ஆத்தாவைக் கேட்காமல் செய்ததால் வந்தது என்று அவள் மனசில் உட்கார்ந்துவிட்டது. இப்போது அவள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தேவன் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நல்ல மனுசன், குடி கிடையாது. மூன்று வருடமாக அவள் பழம் வைக்கிறாள், மூன்று வருடமாக விழுகிறது, மூன்று வருடமாக அவனும் காத்திருக்கிறான். இந்தத் திருவிழா முடிந்ததும் அவனுக்குத் தூரத்தில் பண்டார் பாருவில் ஒரு ஆலையில் வேலை. போகிறவன் தனியாகத்தான் போக வேண்டுமா என்பதை ஞாயிற்றுக்கிழமை ஆத்தா சொல்ல வேண்டும்.

பழம் ஏன் விழுகிறது என்று பரஞ்சோதிக்குத் தெரியும்.

ஸ்பிரிங் பட்டையின் பின்நுனியைச் சட்டத்தோடு தொங்கவிடும் இரும்புக் காதுக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. இடது பக்கத்தில் அது தேய்ந்து, கிழிந்து, தூளாகிப் போய் மூன்று வருடம். குழாய்ப் பாலத்தின் இடது ஓரத்தில் ஒரு பள்ளம். அதில் இடது பின்சக்கரம் இறங்கும்போது இரும்பு இரும்பில் விழுந்து வண்டி ஒருக்களித்துச் சரியும். ஆத்தா சரிவாள், தட்டு சரியும், பழம் வாய்க்காலுக்குப் போகும். முதல் வருடம் அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இரண்டாம் வருடம் திருவிழாவுக்கு முன்னாலேயே ஒருநாள் பாலத்தில் ஓட்டும்போது முதுகில் அந்தச் சரிவை உணர்ந்தான், புரிந்துவிட்டது. கையளவு ரப்பர். ஒரு மத்தியான வேலை. அவன் மாற்றவில்லை.

மனைவி உமாராணி செத்து ஆறு வருடம். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு, காலில் புண் வந்தால் மருந்து, தீபாவளிக்குச் சட்டை, காய்ச்சலில் நெற்றிக்குத் துணி எல்லாம் குணாதான். யாரும் கேட்டால் ஆத்தா இன்னும் கண் திறக்கலை என்று சொல்லுவான். சொல்லும்போது வாய் கூசாமல் பழகிக்கொண்டான்.

செவ்வாயும் புதனும் முன்பக்கத்தோடு மல்லுக்கட்டினான். நட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. டீசல் ஊற்றி ஊறவிட்டு, பெரிய சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி அடித்தபோது போல் ஜாயிண்ட் தோட்டா மாதிரி கழன்று விழுந்தது. அதன் ரப்பர் மூடிக்குள் கிரீஸ் இல்லை, காபித்தூள் நிறத்தில் துருப்பொடிதான் இருந்தது. இதன்மேலா ஆத்தாவையும் குலையையும் ஏற்றிக்கொண்டு திரிந்தோம் என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். புதன் சாயங்காலத்துக்குள் முன்பக்கம் முடிந்தது. அதிர்வு தாங்கும் புது அப்சோர்பர் நாலும் ஏறின. ஸ்பிரிங் புஷ் பை சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

முன்பக்கம் மட்டும் போதும் என்றும் சொல்லலாம். சக்கரம் மடங்காது, ஒருத்தருக்கும் ஆபத்தில்லை. பின்பக்கம் பழையபடி சரியும். பழம் விழும்.

வியாழக்கிழமை மத்தியானம், பின்சக்கரங்களைக் கழற்றி வண்டியைக் கட்டைமேல் நிறுத்திவிட்டு, அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மல்லாந்து படுத்திருந்தான். ஸ்பேனர் நெஞ்சின்மேல் கிடந்தது. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்ன வட்டமாகச் சிமெண்டில் இறங்கியிருந்தது. கூரைக்கு மேலே செம்பனை மட்டை அசையும்போதெல்லாம் வட்டங்கள் மீன்குஞ்சுகள் மாதிரி கலைந்து ஓடின, மறுபடி வந்து கூடின. எங்கோ புல்வெட்டும் இயந்திரம் தேனீயாகி முணுமுணுத்தது.

இரண்டு கால்கள் வந்து நின்றன. நீலச் செருப்பு. இடது பெருவிரல் நகத்தில் தொழிற்சாலைக் காலணி கடித்த கறுப்பு. குணாவுக்கு அன்றைக்கு ஓய்வுநாள்.

"அண்ணே, தூங்குறீங்களா, வேல செய்றீங்களா?"

"வேலதான்."

"ஸ்பேனர் கொறட்ட விடுற சத்தம் அடுப்படிவரைக்கும் கேட்டுச்சு."

அவன் ஸ்பேனரை எடுத்து எங்கேயோ ஒரு நட்டில் வைத்தான்.

"முன்பக்கம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"பின்பக்கம்?"

"பாக்கலாம்."

 ஒரு கால் இன்னொரு காலின்மேல் ஏறிச் சொறிந்துகொண்டது.

"தேவன் நேத்து பஸ்ஸுல கேட்டாரு. இந்த வருசமும் பழம் விழுந்தா என்ன செய்வேன்னு. அடுத்த வருசம் கேக்கலாம்னேன். அடுத்த வருசம் நா இங்க இருக்க மாட்டேன் குணான்னாரு. கோவமாகூட சொல்லல. அதுதான் எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு."

அவன் நெற்றிக்கு மேலே, பின்அச்சின் டிஃபரென்ஷியலில் இருந்து ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது.

"சோறு ஆக இன்னும் அர மணி ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கால்கள் போயின.

அவனுக்குக் கண் சொக்கியது. கட்டைமேல் நின்ற வண்டி மெல்ல மிதக்கத் தொடங்கியது. மெர்போக் ஆற்றின் அடியில் அவன் மல்லாந்து கிடந்தான். தலைக்கு மேலே படகின் வயிறாக வண்டியின் வயிறு போய்க்கொண்டிருந்தது. கண்டல் வேர்கள் பாசிபிடித்த விரல்களாகத் தண்ணீரைப் பிடித்திருந்தன. கரையில் அடிக்கும் உருமி, போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல் மொத்தையாகக் கேட்டது. மேலே ஆத்தா உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது, பார்க்கத்தான் முடியவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் தண்ணீரில் விழுந்தது. அது அவசரப்படாமல், விளக்கு மாதிரி மஞ்சளாக, அவன் நெஞ்சை நோக்கி இறங்கி வந்தது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிடிக்கக் கையைத் தூக்கினான். கை சட்டத்தில் இடித்து விழித்துக்கொண்டான். நெற்றியில் எண்ணெய்ச் சொட்டு.

கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். கருவாட்டுக் குழம்பு, பயத்தங்காய், ஜாடியிலிருந்து எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாய் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"இது எப்ப போட்டது? நல்லா ஊறிருக்கு."

"அது பழைய ஜாடி. மூணு வருசமா அதுலதான் சேத்துக்கிட்டு வர்றேன்" என்றாள் அவள், அடுப்பைத் துடைத்தபடி. "விழுந்த பழத்தயும் அதுலதான் போட்டேன்."

"எந்தப் பழம்?"

"ஆத்தாளுக்கு வச்ச பழம்தான். வாய்க்கால்ல எறங்கித் தேடி எடுத்தேன். சாமி தட்டுல இருந்தத தண்ணியில விட மனசு வரல. ஆத்தா வேணாம்னு சொன்னது, நாமதான தின்னு முடிக்கணும்."

பரஞ்சோதி வாயில் வைத்திருந்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. மூன்று வருடமாக அவளுடைய வேண்டாம்களைச் சோற்றில் பிசைந்து ருசி பார்த்துத் தின்றிருக்கிறான். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டும் வாங்கியிருக்கிறான்.

"என்ன, உப்பு சாஸ்தியா?"

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

கையைக் கழுவிவிட்டு நேரே வண்டிக்குப் போனான். சீட்டுக்கடியில் இருந்த பையை எடுத்தான். இரும்புக் காதைப் பிடித்திருந்த ஷேக்கிள் போல்ட் துருவில் ஒட்டிப்போய் அசைய மறுத்தது. கிரைண்டரை எடுத்து அறுத்தான். பொறி பூவாணம் மாதிரி பறந்து கைமயிரைப் பொசுக்கியது. உள்ளே புஷ் இருந்த இடத்தில் கறுப்புத் தூள்தான் இருந்தது. காதைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, சோப்புத் தண்ணீர் தடவிப் புது ரப்பரை அழுத்தினான். கட்டைவிரல் அழுத்தத்தில் அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மூன்று வருடமாக ஒருத்தியின் கல்யாணத்தை நிறுத்தி வைத்த சாமான் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. வலது பக்கமும் மாற்றினான். புது போல்ட் கோத்து, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, தன் பாரத்தில் அது உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கினான். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இனிமேல் கிழியக்கூடாது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். மனசு லேசாகத்தான் இருந்தது. குழாய்ப் பாலத்தில் சக்கரம் ஏறி இறங்கியதும் லேசு போய்விட்டது. வண்டி சரியவில்லை. குதித்தது. புது அப்சோர்பர், புது ரப்பர், குலைக்காகப் போட்ட கூடுதல் பட்டை. பின்னால் பாரமில்லாமல் மரக்கட்டை மாதிரி எகிறியது. ஆத்தா இரண்டடி உலோகச் சிலை, பலகையோடு சேர்த்தாலும் பத்துக் குலை எடைகூட வராது.

வீட்டுக்குத் திரும்பி, சாமி அறையில் இருந்து ஒரு தட்டும் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டான். பின்பக்கத்தில் ஆத்தா உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுப் பாலத்தைக் கடந்தான். இறங்கிப் பார்த்தால் பழம் டெயில்கேட் மூலையில் கிடந்தது. வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மணலில் நாலு சாக்கு நிரப்பி ஏற்றினான். மறுபடி கடந்தான். பழம் தட்டைவிட்டு இறங்கி ஓரமாக நின்றது. இன்னும் நாலு சாக்கு.

இந்த முறை வண்டி ஆழமாக மூச்சுவிட்டதுபோல் அமர்ந்தது. சாயங்கால வெயில் செம்பனை வரிசைகளுக்கு நடுவில் சாய்ந்து, தூசி பொன்னாக நின்றது. சக்கரம் பாலத்தில் ஏறியதே தெரியவில்லை. பள்ளத்தில் இறங்கியது, எழுந்தது. நீரில் ஒரு இலை அலையைத் தாண்டும்போது எப்படியோ அப்படி. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் உறங்குவதுபோல் இருந்தன. திடலில் திருப்பி நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தான். பழம் தட்டின் நடுவில் இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை கடந்தான். இன்னொரு தடவை. போகவும் வரவுமாக எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் பழம் அசையாமல் அவனைப் பார்த்தது.

கடைசித் தடவை பாலத்துக்கு அந்தப் பக்கம் குணா நின்றுகொண்டிருந்தாள். தோளில் தொழிற்சாலைப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"என்ன அண்ணே, ஆத்தாளுக்கு முன்னாடியே ஊர்வலம் கெளம்பிட்டீங்க?"

அவன் எஞ்சினை அணைத்தான். அவள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மணல் சாக்கு எட்டு. தட்டு. பழம்.

"நிக்குதா?"

"நிக்குது."

"முன்ன ஏன் நிக்கல?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. ஆத்தாவின் கோபம் என்ற பொய் கையருகிலேயே இருந்தது.

"இடது பின்பக்கம் புஷ் போயிருந்துச்சு. பள்ளத்துல எறங்கினா சாயும்."

"எப்ப போச்சு?"

"மூணு வருசம்."

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டு வருசமா தெரியும்."

அவள் விரல்விட்டு எண்ணுகிறவள் மாதிரி உதட்டை அசைத்தாள்.

"மொத வருசம் வண்டி. மத்த ரெண்டு வருசமும் நீ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்குண்ணே?"

"வீட்டுல யாரு இருப்பா? சோறு..." 

"சோறு." அவள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. "ஒரு ரைஸ் குக்கர் வாங்கிக் குடுத்திருப்பேனேலா. மூணு வருசத்துக்கு முன்னாடியே."

அவள் மணல் சாக்கு ஒன்றை உள்ளங்கையால் தட்டினாள்.

"மணல எறக்கு" என்றாள். "ஆத்தா ஒரு தடவயாவது அவளா சொல்லட்டும்."

"எறக்கினா பழம் குதிச்சிரும் குணா. பாத்துட்டேன். மணல் இருந்தா நிக்கும், இல்லன்னா விழும். நடுவுல ஒண்ணும் இல்ல. நா என்ன செஞ்சாலும் அது நா செஞ்சதுதான்."

அவள் கோபம் முகத்தில் எரிந்து, எரிகிறதற்கு ஒன்றுமில்லாமல் ஓய்ந்தது போலிருந்தது. பிறகு தட்டையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஏறிக்கோ என்று அவன் சொல்லவில்லை.

அன்றைக்கும் சனிக்கிழமையும் அவள் அவனோடு பேசவில்லை. அடுப்பும் பற்ற வைக்கவில்லை. அவனே ஒரு சோறு வடித்தான். அது கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் நின்றது. கொல்லைப்புறத்தில் அவள் தொலைபேசியில் பேசுகிற முணுமுணுப்பு கேட்டது. யாரோடு என்று தெரியும், என்ன என்று தெரியவில்லை. வருகிறேன் என்று சொல்லியிருப்பாளா, யாரையும் நம்பி இனி எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லியிருப்பாளா. அவள் குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மணலை அவன் இறக்கவில்லை. இறக்குவதும் அவன் கை, இறக்காததும் அவன் கை. ஆத்தாளுக்காவது இடுப்பு நோகாமல் இருக்கட்டும் என்று மேலே பலகையை அடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரதம் கிளம்பியது. பக்கத்து மலாய்க் கம்போங்கின் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்பதற்குள் கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. உருமி முன்னால் போனது. சாம்பிராணிப் புகை கண்ணாடியில் மோதி வழிந்தது. இரண்டு இரவு சரியாகத் தூங்காத பரஞ்சோதிக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதாகத் தெரிந்தது. லயத்து வேலிகள், காலில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர், ஆரத்தித் தட்டின் சிவப்பு, தூரத்தில் ஜெராய் மலையின் நீலம் எல்லாம் மெதுவாக மிதந்து வந்து பின்னால் போயின. வண்டி ஒரு இடத்திலும் முனகவில்லை.

கோயில் தலைவர் சின்னையா ஜன்னலோரம் நடந்து வந்தார். எழுபது வயதிலும் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"பாத்தியாப்பா, ஆத்தா எப்படி சாந்தமா வர்றா. கோவமெல்லாம் எறங்கிருச்சு. சனத்துக்குப் பழம் வைக்கத் தைரியம் வந்திருச்சு, தட்டுல நாலு இருக்கு."

"நல்லது மாமா" என்றான் பரஞ்சோதி. நாலு பேரின் ஆமாம்களையும் எட்டுச் சாக்கு மணல்தான் சொல்லப்போகிறது. 

கடைசி வீட்டு முன்னால் ரதம் நின்றது. உருமி ஓய்ந்தது. பக்கக் கண்ணாடியில் குணா தெரிந்தாள். பச்சைப் பட்டு, தலையில் கனகாம்பரம். அவள் பக்கத்தில் தேவன், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். பூசாரி பித்தளைத் தட்டை நீட்டினார். சனம் எட்டிப் பார்த்தது.

"பழத்த வைம்மா" என்றார் சின்னையா.

"இல்ல மாமா. இந்த வருசம் கேக்க ஒண்ணும் இல்ல. அர்ச்சன மட்டும்."

கசகசவென்று பேச்சு எழுந்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தேங்காயும் வெற்றிலையும் வைத்த தட்டைப் பூசாரியிடம் கொடுத்தாள்.

"பேரு?"

"குணசுந்தரி. சுவாதி நட்சத்திரம். தேவன்." திரும்பி அவனைப் பார்த்தாள். "ஒங்க நட்சத்திரம் என்ன?"

"எனக்குத் தெரியாதே" என்றான் தேவன். முன்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பரவால்ல, பேரு போதும்" என்றார் பூசாரி.

தேங்காய் உடைந்தது. மணி அடித்தது. பரஞ்சோதி முன்னால் இருந்த பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருடமாக அந்த வீட்டுத் தட்டில் முதலில் சொல்லப்படும் பேர் அவனுடையது. இந்த வருடம் சொல்லப்படவில்லை. சரிதான் என்று கியரில் கையை வைத்தான்.

"இருங்க சாமி, இன்னொரு தட்டு இருக்கு" என்ற அவள் குரல் கேட்டது. "பரஞ்சோதி. பூராடம்."

"ஒரே வீடுதானம்மா, எதுக்குத் தனித் தட்டு?"

"இல்ல சாமி. இனிமே வேற வேற வீடு."

மறுபடியும் ஒரு தேங்காய் உடைந்தது. மணி அடித்தது. பூசாரி கற்பூரத்தைக் காட்டிவிட்டு, ஜன்னல் வழியாகத் தட்டைக் கொடுத்தார். பாதித் தேங்காய், இரண்டு வாழைப்பழம், திருநீறு. அவன் இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தான். வெளியே உருமி தொடங்கியது.

"எடுப்பா, பாங்குக்கு முன்னாடி போய்ச் சேரணும்" என்றார் சின்னையா.

பரஞ்சோதி தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளட்சை விட்டான்.